பன்றி மரபியல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பன்றிகளின் மரபியலில் ஆராய்ச்சி செய்து வருகிறேன். கேள்விகள் பல வந்திருக்கின்றன. எனக்கு நெருக்கமானவற்றுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எத்தனையோ விலங்குகள் இருக்க, ஏன் பன்றி?

பசு ஒன்பது மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு கன்று ஈனும். பன்றிக்குச் சினைக்காலம் சுமார் 114 நாள்தான். ஒரே ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள். ஒரு தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த அத்தனை குட்டிகளும் ஒரே கொட்டிலில் ஒரே தீனி தின்று வளரும். அப்படியிருந்தும் ஒன்று கொழுக்கும், ஒன்று மெலியும். மரபியல் படிக்க வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கேள்வி: உங்களை மிகவும் பாதித்த கண்டுபிடிப்பு எது?

ஹாலோத்தேன் மரபணு. கொழுப்புக் குறைந்த, சதைப்பிடிப்பான பன்றிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பியெட்ரேன் போன்ற சில இனங்களில் அதற்குக் கொடுத்த விலை பெரிது. லாரியில் ஏற்றினாலே உடல் கொதித்து, கால் விறைத்துச் செத்து விழும். இறைச்சியும் வெளிறி, தொளதொளத்து, நீர் கசியும்.

நான் மாணவனாக இருந்தபோது இதைக் கண்டறிய ஒரே வழிதான் இருந்தது. சில வார வயதுள்ள குட்டியின் மூக்கில் முகமூடியை வைத்து ஹாலோத்தேன் மயக்க மருந்தை முகரச் செய்வோம். குறையில்லாத குட்டி துவண்டு உறங்கிவிடும். குறையுள்ளதற்குப் பின்னங்கால்கள் மரக்கட்டை போல நீண்டு விறைக்கும். அந்த நொடியே முகமூடியை எடுக்க வேண்டும்; தாமதித்தால் குட்டி பிழைக்காது. பிடித்திருக்கும் கைக்கு அந்த விறைப்பு முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான்.

ஆனால் குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குட்டி சோதனையில் நன்றாகவே உறங்கும். அதனால் குறை மறைந்தே தொடர்ந்தது. 1991-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதைக் காட்டினார்கள். அதனால் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் வாய்க்கால் சரியாக மூடுவதில்லை. அதன் பிறகு கொஞ்சம் இரத்தமோ ரோமமோ போதும், சுமப்பவையும் தெரிந்துவிடும். மனிதர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை மயக்கத்தின்போது உடல் வெப்பம் திடீரென ஏறுவதற்கும் இதே மரபணுவின் மாற்றங்கள் முக்கியக் காரணம்.

கேள்வி: ஈற்றுக்கு இன்னும் அதிகக் குட்டிகள் கிடைக்கும்படி இனவிருத்தி செய்யலாமா?

செய்திருக்கிறார்கள். முதுகுக் கொழுப்பில் காணும் வேறுபாட்டில் பாதிக்கு நெருக்கமான பங்கு மரபிலிருந்து வருகிறது. ஈற்றின் அளவில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் பொறுமையாகக் கணக்கு வைத்தால் முன்னேற்றம் உண்டு.

என் கவலை வேறு. தாய்க்குப் பதினான்கு முலைக்காம்பு இருந்து, பதினேழு குட்டி பிறந்தால் என்ன செய்வது? பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய எதுவுமின்றிப் பிறக்கிறது. முதல் நாள் சீம்பால்தான் அதற்குக் காப்பு. கடைசியாகப் பிறந்த சிறு குட்டி, ஈரம் காயாமல், காம்பு காம்பாக முட்டி விரட்டப்படுவதைப் பார்த்தவர் எண்ணிக்கையை மட்டும் கொண்டாட மாட்டார். டென்மார்க்கில் 2004 முதல், பிறந்த குட்டிகளை எண்ணாமல் ஐந்தாம் நாள் உயிரோடிருக்கும் குட்டிகளை எண்ணித் தேர்வு செய்யத் தொடங்கினார்கள். இந்தத் துறையில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று என்பேன்.

கேள்வி: தந்தையிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்யும் மரபணு உண்டா?

உண்டு. ஐஜிஎஃப்2. சதை வளர்ச்சியைக் கூட்டும் அதன் மாற்றம் 2003-இல் வெளியானது. தாயிடமிருந்து வந்த பிரதி தசையில் அடங்கியே இருக்கும். அதனால் ஆண் பன்றி வழியில் சதைப்பிடிப்பையும், தாய் வழியில் பாலூட்டத் தேவையான கொழுப்பையும் தனித்தனியே காக்க முடிகிறது.

கேள்வி: மரபணுத் திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா?

நோயைத் தடுப்பதற்கு, ஆம். சிடி163 என்ற புரதம் இல்லாத பன்றிகளை, சினையையும் மூச்சையும் கெடுக்கும் பிஆர்ஆர்எஸ் என்ற பன்றி வைரஸ் தொற்றுவதில்லை என்பதை மிசூரி பல்கலைக்கழகத்தினர் 2015-இல் காட்டினார்கள். கரு கலைந்து, குட்டிகள் மூச்சுத் திணறிச் சாவதை அந்த நோயில் கண்டிருக்கிறேன். வேகமான வளர்ச்சிக்காக மட்டும் திருத்துவதென்றால் எனக்கு ஹாலோத்தேன் பாடம் நினைவுக்கு வருகிறது, தயங்குவேன்.

கேள்வி: இத்துறைக்கு வரும் மாணவி நான். எதில் தொடங்குவது?

புள்ளியியலை ஆழமாகப் படியுங்கள், அம்மா. கூடவே சில வாரங்களாவது ஈற்றுக் கொட்டிலில் இரவுப் பணி செய்யுங்கள். ஒருமுறை எங்கள் முடிவுகள் எதற்கும் பொருந்தவில்லை. பல மாதம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டோம். கடைசியில் கொட்டிலுக்குப் போய் ஒவ்வொரு குட்டியின் காதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அடையாள வெட்டுகளில் ஒன்றை நாங்களே தவறாகப் படித்திருந்தோம். ஓர் ஈற்று முழுவதும் வேறொரு தந்தையின் பெயரில் பதிவாகியிருந்தது.