சிறார் கொடுமையை மத அமைப்புகள் ஏன் அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்தன?

குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற சந்தேகம் எழுந்தாலே ஆசிரியர், மருத்துவர் போன்றோர் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். இதுவே கட்டாயப் புகார்க் கடமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2002 வரை பாதிரியார்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை!

அந்த மாநிலத்தின் பாஸ்டன் நகரக் கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகமான பாஸ்டன் உயர்மறைமாவட்டம், ஜான் கேகன் என்ற பாதிரியார்மீது புகார்கள் வந்தபின்னும் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு வேறு பங்குக்கு (வேறு ஆலயப் பகுதிக்கு) மாற்றியது. அங்கிருந்த பெற்றோரிடம் மூச்சுவிடவில்லை. திருச்சபையின் பெயர் கெடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். ஒழுகும் கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விவகாரம் வெடித்து, 2002 டிசம்பரில் பாஸ்டன் பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார்.

கையில் ஆதாரம் இருந்தால்தான் புகார் செய்யலாம் என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான சந்தேகமே போதும், ஆதாரம் தேடுவது விசாரிப்பவர்களின் வேலை.