நாட் (Gnat) போர் விமானம் பத்தி கேளுங்க: கராச்சியில நிக்கிற ஐஈ 1083 நம்பர் விமானம்

கேள்வி: சார், பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்துல நம்ம நாட் ஒண்ணு நிக்குதே, எப்படி அங்க போச்சு?

1965 செப்டம்பர் 3. ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிகந்த் ஓட்டிட்டுப் போன விமானம் அது. வானத்துல பாகிஸ்தானோட சேபர், ஸ்டார்ஃபைட்டர் ஜெட் எல்லாம் கலந்து சண்டை, அதுல கூட வந்தவங்கள விட்டுப் பிரிஞ்சுட்டாரு, கடைசியில பாகிஸ்தான் பஸ்ரூர்ல இருந்த பழைய ஓடுதளத்துல வீல இறக்கி ஒழுங்கா லேண்ட் பண்ணிட்டாரு. போர்க்கைதி ஆகி, திரும்பி வந்து, ஏர் மார்ஷல் வரைக்கும் உயர்ந்தாரு. அதே நாள் சண்டைக்குத்தான் இன்னொரு நாட் பைலட் டிரெவர் கீலருக்கு வீர் சக்ரா. அவர் அடிச்ச சேபர் சேதத்தோட திரும்பி வந்துருச்சுன்னு பாகிஸ்தான் பக்கம் சொல்றாங்க.

கேள்வி: ஸ்டார்ஃபைட்டர் மிரட்டி இறக்குச்சுன்னு அவங்க சொல்றாங்களே அண்ணா?

ஆமா, அத ஓட்டினது ஹகீமுல்லா, பின்னாடி அவங்க விமானப்படைக்கே தலைவர் ஆனவரு. நம்ம பக்கம் சொல்றது, வழி தப்பி எரிபொருளும் குறைஞ்சு நம்ம ஏர்ஃபீல்டுன்னு நினைச்சு இறங்கினாருன்னு. நான் இதைத்தான் நம்புறேன். எஃப்-104, அதான் அந்த ஸ்டார்ஃபைட்டர், வேகத்துக்குப் பண்ணினது, திரும்ப ரொம்ப அகலமா வட்டம் போடணும், நாட் சட்டுனு திரும்பிரும், அது பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்து இறக்க வைக்கிறது நடக்கிற காரியமா தெரியல.

கேள்வி: அப்ப ஏன் எல்லை தாண்டி ஓடி வரல? பயந்து சரணடைஞ்சார்னுதான் அர்த்தம்.

தம்பி, இது அநியாயம். நாட் குட்டி விமானம், டேங்கும் குட்டி, முழு வேகத்துல சண்டை போட்டா எரிபொருள் தண்ணியா போகும். வழி தெரியாதவன் எந்தப் பக்கம் ஓடுவான்? அதுவும் அடிபடாம இறங்கின விமானம், பிறகு அவங்க பைலட்டே ஒருத்தர் அத அங்கிருந்து ஓட்டிட்டுப் போனாரு. மிரட்டி இறக்கினதா வழி தப்பினதான்னு தாராளமா வாதம் பண்ணுங்க, ஆனா கோழைன்னு சொல்லாதீங்க.

கேள்வி: ஒரு பூங்காவுல நாட் பார்த்தேன், நம்ம பைலட் சேகான் ஓட்டினதா அது?

இல்ல. 1971 டிசம்பர் 14 ஸ்ரீநகர்ல ஆறு சேபர் வந்தப்ப தனியா மோதி அந்த விமானத்தோடவே அவர் போயிட்டாரு. பரம்வீர் சக்ரா வாங்கின ஒரே விமானப்படை வீரர் அவர்தான். பெயின்ட்ல எழுதின நம்பர நம்பாதீங்க, பீடத்துல ஏத்துறப்ப மாத்தி எழுதுறது எல்லா தேசத்துலயும் உண்டு.

கேள்வி: எங்க ஊர்ல நிக்கிறது சேகான் விமானமா?

மேல சொல்லிட்டேன்.

கேள்வி: ரெண்டு சீட் இருக்கு, சண்டை போட்டதா?

அது பயிற்சி விமானம், பீரங்கி கிடையாது. பிரிட்டன்ல ரெட் ஏரோஸ்ங்கிற விமானப்படை சாகசக் குழு 1979 வரைக்கும் சாகசம் காட்டினது அதுலதான். ஒத்த சீட் நாட்ல காத்து உள்ள போற வாய் ரெண்டு பக்கமும் இருக்குல்ல, அந்த ஓரத்துலயே 30 மிமீ ஏடன் பீரங்கி ஓட்டை பக்கத்துக்கு ஒண்ணு தெரியும். அப்புறம் சக்கர மூடிய பாருங்க, அத பாதி இறக்கினா ஏர் பிரேக், தனி பிரேக் வைக்க எடை தாங்காதுன்னு அப்படி பண்ணாங்க. நாட்ட வடிவமைச்சது பெட்டர்னு ஒரு இன்ஜினியர், எடைய குறைக்கிறதுல பிடிவாதக்காரர்.

கேள்வி: அஜீத்துக்கும் நாட்டுக்கும் வித்தியாசம்?

அஜீத், நாட் விமானத்தையே பெங்களூர் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை மேம்படுத்தினது. இறக்கைக்குள்ளயே எரிபொருள் வச்சாங்க, கீழ ஆயுதம் தொங்கவிட இடம் மிச்சமாச்சு.

கேள்வி: நம்பர் 1083ன்னு எழுதிருக்கு, அப்ப இதுதானே அது?

கராச்சியில நிக்கிறதுதான் அது. வேற எங்க இருந்தாலும் பெயின்ட்ட விட்டுட்டு காக்பிட் பக்கம் அடிச்ச தகடு மிச்சம் இருந்தா அத போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்து சொல்றேன். மேல மட்டும் ஏறாதீங்க.