கீ விற்க வந்தவரை முதலில் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். நானும் இன்னொருவனும் கீழக்கரையில், ஒருவன் ராமேஸ்வரத்தில், ஒருவன் துபாயில், ஒருவன் கோலாலம்பூரில். எல்லோரும் ஊரில் இருந்தபோது மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை சொல்லி பகடை உருட்டும் ஆட்டம் ஆடுவோம். இனி ஆன்லைனில் ஆட ஆசை. கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன், நான்தான். என்னிடம் பழைய லேப்டாப் இருக்கிறது. மற்றவர்களில் மூன்று பேரிடம் போன் மட்டும்தான். டெலிகிராமில் பழக்கமான ஒருவர், இந்த ஆட்டத்தை ஆன்லைனில் நடத்தும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளின் கீ (உரிம எண்) 1,500 ரூபாய், சர்வர் வாடகை ஆளுக்கு மாதம் 200 ரூபாய், ரூல்ஸ் புத்தகங்கள் சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லை, ரோல்20 என்ற இணையதளம் போதுமா?
– பெயர் வேண்டாம், கீழக்கரை.

பதில்: வாங்காதீர்கள். ஆட்டத்தைத் தொடங்க இப்போதைக்கு ஒரு பைசா தேவையில்லை.

ஔல்பேர் ரோடியோ என்று ஒரு தளம் இருக்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் இலவசக் கணக்கு திறந்து, மேப்பை ஏற்றி, லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மற்றவர்கள் கணக்குகூடத் திறக்க வேண்டாம். போன் பிரவுசரிலேயே வந்து டோக்கனை (அவரவர் காயை) விரலால் நகர்த்தலாம், டைஸ் உருட்டலாம். அவர்கள் இன்னும் நுழையாத அறைகளை நீங்கள் மறைத்து வைக்கலாம். அடி எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று அது தானாகக் கணக்குப் போட்டுத் தராது. மொட்டைமாடியில் காகிதத்தில் எழுதித்தானே ஆடினீர்கள், அந்தக் காகிதம் இங்கேயும் செல்லும்.

ரோல்20 நல்ல தளம்தான். 2012 முதல் இருக்கிறது, இலவசக் கணக்கிலேயே கேரக்டர் ஷீட்டும் (உங்கள் பாத்திரத்தின் திறன், உயிர்க் கணக்கு எழுதும் தாள்) உண்டு. ஆனால் லேப்டாப் திரையை மனதில் வைத்துச் செய்தது. போனில் மேப்பையும் சாட்டையும் ஷீட்டையும் மாற்றி மாற்றித் திறப்பதற்குள் எதிரில் நிற்கும் கோப்ளின் பூதம் தப்பித்து ஓடிவிடும். டேபிள்டாப் சிமுலேட்டர் போன்றவற்றை ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். உங்களுக்கு ஆகாது.

இப்போது அந்த டெலிகிராம் ஆளுக்கு வருவோம். இவரைப் போல நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். ஃபவுண்ட்ரியின் விலை 50 டாலர், அதுவும் ஒரே முறை. மாதச் சந்தா கிடையாது. முக்கியமாக, கேம் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் போதும். ஆட்டக்காரர்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அப்படியிருக்க ஆளுக்கு 200 எதற்கு? கூட்டிப் பாருங்கள்: கீக்கு 1,500, ஐந்து பேர் வாடகை மாதம் 1,000. மூன்றே மாதத்தில் 4,500. அசல் விலையும் ஏறக்குறைய அதுதான்.

அது மட்டுமா? ஒரு கீயை வைத்து ஒரு நேரத்தில் ஓர் ஆட்டத்தைத்தான் நடத்தலாம் என்பது உரிமத்தின் விதி. அவர் அதே கீயை இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் மாதக்கணக்கில் கட்டிய மேப், கதை எல்லாம் அவருடைய மெஷினில் இருக்கும். அடுத்த மாதம் அவர் போனை எடுக்காவிட்டால் அத்தனையும் போனதுதான். 'சும்மா' தரும் புத்தகங்கள் திருட்டு ஸ்கேன்களாகத்தான் இருக்கும். தேவையே இல்லை, தம்பி. இந்த ஆட்டத்தின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் முறைப்படி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

'சரி, நானே 50 டாலர் கொடுத்து வாங்கி என் லேப்டாப்பிலேயே ஓட்டுகிறேன்' என்று அடுத்துத் தோன்றும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஃபவுண்ட்ரியை உங்கள் வீட்டில் ஓட்டினால், துபாய்க்காரரும் கோலாலம்பூர்க்காரரும் இணையம் வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். ஆனால் நம் இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை (இணையத்தில் வீட்டைக் காட்டும் ஐபி எண்) கொடுத்துவிடுகின்றன. பாம்பன் இறங்குதளம் என்று மட்டும் எழுதி ஒரு கடிதம் போட்டால் அது எந்தப் படகுக்காரருக்குப் போய்ச் சேரும்? அந்தக் கதைதான். நீங்கள் வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வர முடியாது. கஸ்டமர் கேரில் கேட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். விளம்பரத்தில் மட்டும் 'கேமிங்குக்கு ஏற்ற ஃபைபர்'!

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி இருந்தால் வீட்டிலிருந்தே ஓட்டலாம். இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம், யாருக்கும் காசு தர வேண்டாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து 'வேன் ஐபி' (WAN IP) என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடி, அங்கே வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு யோகம். ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை (ஃபவுண்ட்ரிக்கு வெளியாள் வரும் வாசல்) திறந்துவிட்டால் வேலை முடிந்தது. வேன் ஐபி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் உங்களுக்குத் தனி முகவரி இல்லை. தலைகீழாக நின்றாலும் போர்ட் திறக்காது. கூடுதல் பணத்துக்கு 'ஸ்டேட்டிக் ஐபி' தரும் நிறுவனங்களும் உண்டு. கேட்டுப் பாருங்கள், ஆனால் இந்த ஆட்டத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

விலக்கு உங்களுக்குப் பொருந்தினாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. நீங்கள் 10 எம்பி மேப் ஒன்றைத் திறந்தால் நான்கு நண்பர்களுக்கும் சேர்த்து 40 எம்பி உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி) என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் ஆட்டமே படுத்துவிடும். தவிர, ஃபவுண்ட்ரியும் போனுக்காகச் செய்ததல்ல. உங்கள் மூன்று பேருக்கும் அதனால் லாபமில்லை.

பின்னாளில் வாங்குவதானால் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக வாங்குங்கள். கார்டு மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே வருகிறது. வங்கி ஆப்பில் நீங்களே திறக்கலாம். மாதச் சந்தா கேட்கும் மற்றத் தளங்கள் என்றால் அது வேறு தலைவலி. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி வந்ததிலிருந்து வெளிநாட்டுத் தளங்களின் சந்தா பாதியில் அறுந்துபோவது சகஜம். பாதுகாப்புக்கான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் எது ஏன் மறுக்கப்பட்டது என்று ஒரு வரி சொல்லக் கூடாதா? இந்த எரிச்சலில் 'கார்டு நம்பரும் ஓடிபியும் அனுப்புங்கள், நான் கட்டித் தருகிறேன்' என்பவரிடம் போய் விழாதீர்கள்.

குரலை மறந்துவிட்டீர்கள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, டிஸ்கார்டையும் நம்ப முடியாது. ஜூமுக்கும் டீம்ஸுக்கும் அங்கே அனுமதி உண்டு. இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். அப்போது எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். 'விபிஎன் போடச் சொல்' என்று யாராவது கிளம்புவார்கள். விபிஎன் என்பது உங்கள் இணைய முகவரியை மறைத்து வேறு முகவரி காட்டும் செயலி. குற்றத்துக்காகவோ அதை மறைக்கவோ அப்படி முகவரியை மாற்றியதாக அங்கே வழக்கு வந்தால் அபராதமே 5 லட்சம் திர்ஹமில்தான் தொடங்குகிறது. பிழைக்கப் போன பையனை அதில் இழுக்காதீர்கள்.

நேரம்: சனிக்கிழமை நம் இரவு 8 மணி வைத்தால் துபாயில் மாலை 6.30, கோலாலம்பூரில் இரவு 10.30. மலேசியாக்காரர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.