கிடையில் மின்னல் விழுந்தால்: புதைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் வயலுக்கு உரமாகட்டும் என்று ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தோம். சாயங்கால இடி மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய செம்மறிகளில் 42 மின்னல் தாக்கிச் செத்துவிட்டன. 27 என்னுடையவை, 15 மச்சானுடையவை. நாற்றம் எடுக்கும் முன்னால் புதைத்துவிடச் சொல்கிறார்கள். அரசுப் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை ஒரு ஆட்டைக்கூடப் புதைக்காதீர்கள். போனில் உங்களிடம் முதலில் சொன்னதும் இதுதான்.

பணம் கொடுப்பது வருவாய்த் துறை. எதனால் செத்தது என்று சான்று கொடுப்பது கால்நடைத் துறை. இரண்டும் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். அதனால் சம்பவம் நடந்த ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கும் (வி.ஏ.ஓ.) பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். உங்கள் ரேஷன் கார்டு வேறு மாவட்டமாக இருந்தாலும், ஆடு செத்த ஊர் வி.ஏ.ஓ.தான் வந்து பார்த்து எழுத வேண்டும். மின்னலில் செத்த ஆடு சீக்கிரம் வயிறு ஊதிவிடும். சிலவற்றில் ரோமம் கருகியிருக்கும், வாயில் மென்ற புல் அப்படியே இருக்கும். சிலவற்றில் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பிரேதப் பரிசோதனை இல்லாமல் எந்த மருத்துவராலும் உறுதியாக எழுத முடியாது. நேரம் போகப் போக அதுவும் கஷ்டம்.

தொகைக்கு வருவோம். பேரிடர் நிவாரண விதிப்படி ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500, கோழிக்கு 100. ஆனால் ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு வரைதான், கறவை மாடு என்றால் 3. கிடைக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். கீதாரி (கிடைக்குத் தலைமை மேய்ப்பர்) பெயரில் 42 ஆட்டையும் ஒரே மனுவில் எழுதினால் 1,20,000 ரூபாயோடு நின்றுவிடும். நீங்கள் 27, மச்சான் 15 என்று அவரவர் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக் வைத்துத் தனித்தனியாக மனு கொடுத்தால் 1,68,000. இதில் தவறு எதுவும் இல்லை. உள்ளபடியே இரண்டு குடும்பத்து ஆடுகள்தானே. சிரமம் எல்லாம் எது யாருடையது என்று காட்டுவதில்தான். கிடை ஆட்டுக்குப் பெரும்பாலும் காதுவில்லை இருக்காது. காதில் போட்ட வெட்டும் மை அடையாளமும் தெரியும்படி ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். உங்கள் ஆடுகளை ஒரு வரிசையாகவும் மச்சானுடையவற்றை இன்னொரு வரிசையாகவும் கிடத்தி, வி.ஏ.ஓ. முன்னால் எண்ணச் சொல்லுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் தாலுகா ஆபீஸை விட்டு வராதீர்கள்.

புதைக்கும்போது ஊருணி, கண்மாய்க்கு எட்டத்தில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போடுங்கள். நம் ஊர்களில் ஊருணித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்திருந்தால் தோலை உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள், அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மழை பெய்து இளம்புல் முளைத்ததும் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயில் ஆடு பொத்துப் பொத்தென்று விழும். அது நோய்ச் சாவு. இந்த நிவாரணம் அதற்குக் கிடையாது. காப்பீடு இருந்தால்தான் பணம். மீதி ஆடுகளுக்கு இந்த வாரமே துள்ளுமாரித் தடுப்பூசி கேளுங்கள். காப்பீட்டுக்கும் அதே மருந்தகத்தில் பெயர் கொடுக்கலாம்.