தடங்கள் சேரும் இடத்தில் மட்டும் ஜல்லி பெயர்வது ஏன்?

கேள்வி: லாரிகள் ஓடும் ஆலை வளாகத்தில், ரோலர் வைத்து இறுக்கும் கான்கிரீட் சாலை போட்டோம். நடுப்பகுதி பாறை மாதிரி இருக்கிறது. அடுத்தடுத்துப் பட்டையாகப் போட்ட இரண்டு தடங்கள் சேரும் கோட்டில் மட்டும் ஜல்லி பெயர்கிறது. சிமென்ட் போதவில்லையா?

பதில்: சிமென்ட் மேல் பழி போடாதீர்கள்; அது குறைவென்றால் நடுப்பகுதியும் உதிர்ந்திருக்கும். கன மீட்டருக்கு 300 கிலோ அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

கோளாறு ஓரத்தில்தான். பக்கவாட்டில் பிடிமானம் இல்லாததால் ரோலர் ஏறியதும் கலவை வெளியே நழுவும், இறுகாது. அதனால் முதல் தடத்தை உருட்டும்போது, அடுத்த தடம் வரும் பக்கம் 30 முதல் 45 செ.மீ. வரை தொடாமல் விட வேண்டும். அடுத்ததைப் பரப்பிய பிறகு இரண்டையும் சேர்த்து அதிர்வு ரோலரில் உருட்ட வேண்டும். இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் முக்கால் மணியே அதிகம். தாண்டிவிட்டால், இறுகாத விளிம்பை முழு ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி எறிந்து, வெட்டுமுகத்தை நனைத்துவிட்டுத் தொடருங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். கலவையைக் கையில் அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். ரோலருக்கு முன்னால் அலை எழும்பினால் ஈரம் அதிகம்; ஜல்லி தனியாகப் பிரிந்து நின்றால் குறைவு.

ஒரே அடுக்கில் 25 செ.மீ.க்கு மேல் போட்டால் அடிப்பகுதி இறுகாது. மேலே தட்டிப் பார்த்தால் இது தெரியாது. கான்கிரீட்டின் அடர்த்தியை அளக்கும் கருவியான அடர்த்திமானியை அடிவரை இறக்கித்தான் அளக்க வேண்டும். இறுக்கம், இதே கலவையை ஆய்வகத்தில் இறுக்கும்போது கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 98 சதவீதமாவது வர வேண்டும். ஏழு நாள் ஈரம் காயாமல் காப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்போது பெயர்ந்த இடத்தை, உறுதியான பகுதி வரும்வரை ரம்பத்தால் வெட்டி எடுத்துச் சாதாரணக் கான்கிரீட்டால் நிரப்புங்கள். மேலே சிமென்ட் பூசினால் சில மழைக்கே உரிந்துவிடும்.