இயற்கை வள மேலாண்மையில் பெண்களின் பங்கு ஏன் தனித்துப் பேசப்படுகிறது?

நீடித்த வளர்ச்சியைப் பற்றிய பேச்சில் பெண்களைத் தனியே குறிப்பிடுவது ஏன் என்ற கேள்விக்கு வேலைப் பங்கீட்டிலிருந்தே விடையைத் தொடங்க வேண்டும். உலகின் பல ஊர்ப்புறங்களில் தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் விதை எடுத்து வைப்பதும் பெண்கள் கையில் இருப்பதால், எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்த மரத்தைக் கழித்தால் மீண்டும் துளிர்க்கும் என்பதை அவர்கள் பழக்கத்திலேயே அறிந்திருக்கிறார்கள்; வளம் குன்றும்போது கூடுதல் தூரம் நடக்க வேண்டியவர்களும் அவர்களே.

1974-இல் இமயமலையின் ரெணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவியும் மற்றப் பெண்களும் அரணாக நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், ஊர்ப்புறப் பெண்களைக் கொண்டே நாற்று வளர்த்து, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை கொடுத்தது. நட்டதற்கு அல்லாமல் பிழைத்ததற்கே பணம் என்ற ஏற்பாடுதான், என் பார்வையில், அதன் பெரும் பலம்.

சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் பற்றிய ஐ.நா. மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற 1992-ஆம் ஆண்டின் ரியோ பிரகடனம், 20-ஆவது கோட்பாட்டில், சுற்றுச்சூழல் மேலாண்மையில் பெண்களுக்கு இன்றியமையாத பங்கு உண்டு என ஏற்றுக்கொண்டது. ஆயினும் நிலம் ஆணின் பெயரிலேயே இருக்கும் இடங்களில், கடன், பாசனம் பற்றிய முடிவுகளில் பெண்ணின் சொல் பெரும்பாலும் அம்பலம் ஏறுவதில்லை. ஆகவே குழுக்களில் இடம் ஒதுக்குவதோடு நில உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் பாலினச் சமத்துவம் பற்றிய 5-ஆவது இதை வெளிப்படையாகவே கோருகிறது.