மாத்திரையைக் குறைக்காதீர்கள், மாவை வாங்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. பல ஆண்டுகளாக இனிப்புநீர் நோய். இப்போது சிறுநீரகமும் சற்றுப் பலவீனமாகிவிட்டதாம். தெரிந்த ஒருவர் வாட்டர் செஸ்ட்நட் மாவை 180 வெள்ளிக்குக் கொண்டுவந்து, சர்க்கரை இறங்கும், சிறுநீரகம் சுத்தமாகும், மாத்திரையைப் பாதியாக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: மாத்திரையில் கைவைக்காதீர்கள். அந்த மாவும் வேண்டாம்.

சந்தையில் செங்குவாங் சீனா என்று கேட்டால், சேறு ஒட்டிய கரும்பழுப்புத் தோலோடு அள்ளிப் போடுவார்களே, அந்தக் கிழங்குதான் இது. நல்ல உணவுதான். வெந்த பிறகும் மொறுமொறுப்பு போகாது, கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம், 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் அதே 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் மாவுச்சத்தும் உண்டு, சோற்றில் 28. எனவே அம்மா சோற்றைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நான்கைந்து கிழங்கு சாப்பிடலாம். காயவைத்து அரைத்த மாவிலோ தண்ணீர் போய் மாவுச்சத்துதான் மிஞ்சும். அதுவா சர்க்கரையை இறக்கும்? கரும்போடு காய்ச்சி விற்கும் பானத்தையும் தொடவே வேண்டாம்.

இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் நாள்தோறும் விற்கிறார்கள், கேட்பாரில்லை. டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் எங்கே என்று அவரிடம் கேளுங்கள். "இது உணவுதான், எண் தேவையில்லை" என்பார். உணவென்றால் நோய் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது, மருந்தென்றால் எண் இருக்க வேண்டும். எண்ணைக் காட்டினாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். வேறொரு பொருளின் எண்ணை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கவலை அம்மாவின் சிறுநீரகத்தைப் பற்றித்தான். அது பலவீனமானால் உணவிலுள்ள பொட்டாசியம் என்னும் தாது உப்பு சரியாக வெளியேறாமல் இரத்தத்தில் ஏறிவிடலாம். பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு 580 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது, வாழைப்பழத்தைவிட அதிகம். இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருந்தால் பயமில்லை. ஏறியிருந்தால் டின் கிழங்கை வாங்கி, நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். அதில் 120 மில்லிகிராம் அளவே இருக்கும். புதிய கிழங்குதான் வேண்டுமென்றால் தோலைச் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். வீணாகிறதே என்று அதைச் சூப்பில் சேர்த்துவிடாதீர்கள், கரைந்து வந்த பொட்டாசியம் முழுவதும் அதில்தான் இருக்கும். இவ்வளவு செய்தாலும் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்.

யாராக இருந்தாலும் தோலோடு பச்சையாகக் கடிக்க வேண்டாம். நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் குடற்புழு அப்படித்தான் உள்ளே போகிறது.

பொட்டாசியத்தைக் குறையுங்கள் என்று ஒரு வரி சொல்லிக் கிளினிக்கிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் காயில் எவ்வளவு என்று விளக்க வேண்டிய உணவியல் நிபுணரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள், மாவு விற்பவர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். இது எனக்கு ஆறாத கோபம். அடுத்த முறை போகும்போது, அம்மாவின் பொட்டாசியம் அளவு என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லியும் அப்போதே கேளுங்கள்.